கொண்டைக்கடலை வேகும் நேரம்

அவளிடம் ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் ஒரு காபி போட்டுக் குடித்துவிடலாம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை, ஒருமுறை அப்படிச் செய்தும் இருக்கிறேன். "இந்தப் புடவை எனக்கு நல்லா இருக்கா?" என்று கேட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் கிச்சனுக்குப் போய்ப் பாலைச் சுடவைத்து, காபி கலந்து, பாதியைக் குடித்துவிட்டு வந்தேன். அவள் அதே இடத்தில்தான் நின்றிருந்தாள். "கலர் நல்லாயிருக்கு. உனக்கு நல்லா இல்ல" என்றாள்.

எண்பதுகளின் நடுவில் சான் ஹோசேயில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே அபார்ட்மென்ட்டில் இருந்தோம். எனக்கு ஒரு கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் வேலை, அவளுக்கு வேறொரு கம்பெனியில் ப்ரோக்ராமிங். வீட்டின் பின்பக்கம் ஒரு ஆப்ரிகாட் பழத்தோட்டம் மிச்சம் இருந்தது. சுற்றிலும் ஆபீஸ் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்க, அது மட்டும் யாரோ மறந்து விட்டுவிட்டுப் போனதைப் போல நின்றது. குளிர் முடியும் சமயத்தில் ஒருநாள் காலை எழுந்து பார்த்தால் மரம் பூராவும் வெள்ளையாகப் பூத்திருக்கும். பனிமூட்டமும் பூவும் ஒன்றோடொன்று கலந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாது. இன்றைக்கும் அவளை நினைத்தால் அவள் முகத்துக்கு முன்பே அந்த ஜன்னல்தான் வருகிறது.

என்னோடு முன்பு இருந்த பெண் கல்யாணமாகி நியூஜெர்சி போய்விட்டதால் ரூம்மேட் தேடிக்கொண்டிருந்தேன். தமிழ்ச் சங்கத்தில் யாரோ சொல்லி அவள் வீட்டைப் பார்க்க வந்தாள். ஒல்லியாக, நெட்டையாக, தோளில் ஒரு பெரிய துணிப்பையோடு வந்தவளிடம் நான் வரிசையாகக் கேட்டேன்: "ஸ்மோக் பண்ணுவியா? மீட் சமைப்பியா? பாய்ஃப்ரெண்ட் யாராவது வருவாங்களா?"

அவள் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபித்துக்கொண்டாள் போலிருக்கிறது, கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் இல்ல" என்றாள் கடைசியில். "ஆனா ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கொண்டக்கடல வேக வைப்பேன். ரொம்ப நேரம் ஆகும். வீடெல்லாம் மணக்கும். உனக்குப் பரவால்லயா?"

அவளுடைய அப்பா தூத்துக்குடியில் உரத் தொழிற்சாலையில் இருந்தவர். அங்கிருந்து துனீஸியாவுக்கு, ஸ்ஃபாக்ஸ் என்கிற துறைமுக ஊருக்கு வேலைக்குப் போனார். அவளுக்கு அப்போது விவரம் தெரியாத வயது. பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அங்கேதான் வளர்ந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் முழுவதும் ஒரு வீட்டுக்குள் பேசியது. கொஞ்சுவதற்கும், திட்டுவதற்கும், காய்ச்சல் வந்தால் முனகுவதற்கும் வார்த்தை இருந்தது. பஸ் கண்டக்டரோடு சண்டை போட வார்த்தை கிடையாது. பேச்சு மட்டும் சுத்தமான தூத்துக்குடி. அந்த ஊரில் அவள் சேர்ந்தாற்போல ஒரு வருஷம்கூட இருந்ததில்லை.

ஸ்ஃபாக்ஸில் கீழ்வீட்டுக்காரர்களிடம் அவள் அம்மா கற்றுக்கொண்டதுதான் அந்தக் கொண்டைக்கடலைச் சமையல். லப்லாபி என்பார்கள். குளிர்காலத்துச் சாப்பாடு. முந்தின நாள் ராத்திரியே கடலையை ஊறப்போடுவாள். காலையில் பெரிய பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, பூண்டுப் பல்லும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, சின்னத் தீயில் ஏற்றிவைப்பாள். வறுத்த சீரகத்தைப் பொடிப்பாள். காய்ந்த சிவப்பு மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, பூண்டு, உப்பு, எண்ணெயோடு விழுதாக அரைப்பாள். அதற்குப் பெயர் ஹரீஸா. கடலை குழைய வெந்ததும் பழைய ரொட்டியைக் கிண்ணத்தில் பிய்த்துப் போட்டு, மேலே கடலையையும் சாற்றையும் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, ஒரு ஸ்பூன் ஹரீஸா, சீரகப்பொடி, எலுமிச்சம்பழம். ரொட்டி சாற்றைக் குடித்து உப்பிவிடும். ஒரு கிண்ணம் சாப்பிட்டால் சாயங்காலம் வரை பசிக்காது. சில ஞாயிறுகளில் கடலைக்குப் பதில் வெள்ளை பீன்ஸைத் தக்காளியில் வேகவைப்பாள், அது லூபியா. கடலையும் மிளகாயும் நகரின் கிழக்குப் பக்கத்து மெக்சிகன் கடையில் மூட்டையிலிருந்து அள்ளி வாங்குவோம். ரொட்டி மட்டும் சான் ஃபிரான்சிஸ்கோவின் புளித்த ரொட்டி. "எங்க ஊரு ரொட்டிக்கு இந்தப் புளிப்பு கெடையாது. ஆனா இதுவும் நல்லாத்தான் இருக்கு" என்பாள். எங்க ஊர் என்று அவள் சொன்னால் ஸ்ஃபாக்ஸா தூத்துக்குடியா என்று அதற்கப்புறம் வருவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

என் அம்மா மெட்ராஸிலிருந்து பெட்டியில் வைத்து அனுப்பிய குக்கர் வீட்டில் இருந்தது. "நாலு விசில் விட்டா வெந்துடும்டி" என்று ஒருநாள் சொன்னேன்.

வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டாள். "மூடிப்புட்டா உள்ள என்ன நடக்குன்னு எப்படித் தெரியும்?"

அதனால் ஞாயிற்றுக்கிழமைகள் எங்கள் வீட்டில் வேறு மாதிரி நடந்தன. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வாள். கையில் புத்தகம் இருக்கும், படிக்கமாட்டாள். ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்து தோட்டம் மங்கிக்கொண்டே போகும். சீரக மணம் சோபாவில், திரைச்சீலையில், என் தலைமுடியில் எல்லாம் ஏறும். நான் சோபாவில் படுத்து அரைத்தூக்கத்தில் கிடப்பேன். கடலை கொதிக்கிற மெல்லிய சத்தம் தூக்கத்துக்குள் வந்து, எங்கோ கடற்கரையில் மழை பெய்வதுபோலக் கேட்கும். "ஆச்சாடி?" என்பேன் கண்ணைத் திறக்காமல். "கடல இன்னும் சொல்லல" என்று ரொம்ப நேரம் கழித்துக் குரல் வரும். அதற்குள் நான் மறுபடி தூங்கியிருப்பேன்.

அவளால் யாரிடமும் சட்டென்று ஒரு பதிலைச் சொல்லிவிட முடியாது. ஒருமுறை 280 ஃப்ரீவேயில் அவள் டிரைவ் பண்ணும்போது போலீஸ்காரர் காரை ஓரங்கட்டினார். ஜன்னலருகே குனிந்து, என்ன ஸ்பீடில் வந்தாய் என்று தெரியுமா என்று கேட்டார். அவள் யோசித்தாள். அவர் காத்திருந்தார். கடைசியில் அவள், "தெரியவில்லை. மீட்டரைப் பார்க்கவில்லை, அந்த மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அவரும் நிமிர்ந்து மலையைப் பார்த்தார். மழைக்குப் பிறகு பச்சைப்பசேலென்று இருந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அபராத டிக்கெட் எழுதினார்.

அவள் அப்பா அதற்குள் தூத்துக்குடிக்கே திரும்பியிருந்தார். அங்கிருந்து டிரங்க் கால் போட்டுப் பேசுவார். "என்னட்டி, நல்லா இருக்கியா?" என்று அவர் கத்துவது எனக்கே கேட்கும். எல்லோரும் இந்தக் கேள்விக்கு யோசிக்காமல் ஒரு பதில் வைத்திருப்போம். அவளிடம் அது கிடையாது. ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு யோசிப்பாள். அந்த மௌனத்துக்கும் சேர்த்துத்தான் அவர் காசு கட்டினார், ஒரு தடவைகூட அவசரப்படுத்தியதில்லை. "செவ்வாக்கெழம வரைக்கும் நல்லா இல்லப்பா. அதுக்கப்புறம் நல்லாயிருந்தேன்" என்பாள். "சரி, சரி" என்பார் அவர் திருப்தியாக.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். "நீ தமிழ்ல கேப்ப, எனக்கு ஃப்ரெஞ்சுல ஒரு பதில் வரும், அரபியில ஒண்ணு வரும். அதுங்கள அனுப்பிட்டுச் சரியானதக் கூப்பிடணும்லா" என்றாள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அவளுக்கு ஒரு வரன் வந்தது அந்தக் குளிர்காலத்தில்தான். அப்பாவின் நண்பர் வழியாக. பையன் பக்கத்து ஊரான ஃப்ரீமாண்ட்டில் எஞ்சினியர், ஒரே பிள்ளை. அவனுடைய அம்மா திருச்சியிலிருந்து வந்திருந்தார், கணவர் இல்லை. இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வந்தார்கள்.

நான் சொஜ்ஜி, பஜ்ஜி செய்கிறேன் என்றேன். "ஞாயித்துக்கெழமல்லா" என்றாள். அடுப்பில் கடலை ஏறியிருந்தது.

ஆன்ட்டி குள்ளமாக, சால்வை போர்த்திக்கொண்டு, ஸ்னீக்கர் ஷூவும் பட்டுப்புடவையுமாக வந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். பையன் நல்லவன்தான். ஆனால் ஏதோ ப்ராஜெக்ட் முடிக்கிற நெருக்கடி. சோபாவின் நுனியில் உட்கார்ந்து மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் பொதுவாகப் பேசினார்கள். பிறகு ஆன்ட்டி சிரித்துக்கொண்டே நேராகக் கேட்டார்: "சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதும்மா எனக்கு. என் பையனைப் பிடிச்சிருக்கா?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

பையன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். நேரம் போய்க்கொண்டே இருந்தது. "ஷீ டேக்ஸ் ஹெர் டைம்" என்று நான் ஏதோ உளறினேன். ஆன்ட்டி கையமர்த்தினார்.

"அவ யோசிக்கட்டும். நான் லைன்லயே இருக்கேன்" என்றார். முப்பது வருஷம் லைனில் இருந்த குரல் அது. சாய்ந்து உட்கார்ந்துகொண்டு அவரும் அதே ஜன்னலைப் பார்க்க ஆரம்பித்தார்.

கடலை வெந்துவிட்டது. பதில் வரவில்லை. அவள் எழுந்து போய் நான்கு கிண்ணங்களில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கடலையை ஊற்றிக் கொண்டுவந்தாள். ஆன்ட்டி முதல் வாய் சாப்பிட்டுவிட்டு, "என்னது இது, சுண்டலும் ரசமும் சம்பந்தம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கு!" என்றார். இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பையன் பாதியை வைத்துவிட்டான்.

கார் வரை வழியனுப்பப் போனோம். கதவைச் சாத்தப் போகும்போது அவள் குனிந்து சொன்னாள்: "எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு ஆன்ட்டி. அவங்களத் தெரியல. தெரிஞ்சுக்கிட நாளாகும்."

பையன் சாவியைத் திருகினான். ஃப்ரீமாண்ட் போய்ச் சேருவதற்குள் அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. அவள் பெரிதாக வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

ஒரு வாரம் போயிருக்கும். போன் வந்தது. "நான்தாம்மா, திருச்சி ஆன்ட்டி. அந்தக் கடலைக்கு மிளகாயை வறுத்து அரைச்சியா, ஊறவச்சு அரைச்சியா?"

ஆன்ட்டிக்குப் பகல் முழுக்க அந்த ஃப்ரீமாண்ட் வீட்டில் பேச ஆளில்லை. கார் ஓட்டத் தெரியாது. நடந்து போனால் வெறும் ரோடும் புல்தரையும்தான். நான் போய் அழைத்துக்கொண்டு வருகிறேன் என்றேன். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்ட்டி வர ஆரம்பித்தார். ஸ்டூலுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடப்பட்டது.

அவர்கள் இருவரும் பேசுவது ஒரு விசித்திரம். ஆன்ட்டி ஏதாவது கேட்பார். அப்புறம் பூண்டு உரிப்பார், கறிவேப்பிலை இல்லாத ஊரைக் குறை சொல்வார், எக்ஸ்சேஞ்சில் ராங் நம்பர் போட்டு ஒரு மாப்பிள்ளையை வேறு வீட்டோடு பேசவைத்த கதையைச் சொல்வார். அதெல்லாம் முடிந்த பிறகு, முதலில் கேட்டதற்குப் பதில் வரும். ஆன்ட்டிக்கு ஒருநாளும் அது எந்தக் கேள்விக்கான பதில் என்று மறந்ததில்லை. லூபியாவில் ஆன்ட்டி ஒருநாள் பெருங்காயம் போட்டார். அவள் ருசித்துப் பார்த்து, ஜன்னலைப் பார்த்து, "நல்லாயிருக்கு. ஆனா இதுக்கு வேற பேரு வைக்கணும்" என்றாள். ஆன்ட்டி சிரித்ததில் எனக்குத் தூக்கம் கலைந்தது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆன்ட்டி எங்கள் இருவரையும் பொதுவாகப் பார்த்துக் கேட்டார்: "என் பையன் சிட்டிசன் ஆயிட்டான். எனக்கு கிரீன் கார்டு அப்ளை பண்றேங்கிறான். திருச்சி வீட்டை வித்துட்டு இங்கேயே வந்துடச் சொல்றான். கீழயே எனக்கு ஒரு ரூம் இருக்கற மாதிரி டவுன்ஹவுஸ்கூடப் பார்த்துட்டான். நான் இங்க இருக்கட்டுமா, போகட்டுமா?"

"இதுல என்ன ஆன்ட்டி யோசனை? இருங்க. தனியா அங்க என்ன பண்ணுவீங்க?" என்றேன் நான்.

அவள் கரண்டியால் கடலையைக் கிளறினாள். கடலை வெந்தது, சாப்பிட்டோம், ஆன்ட்டியைக் கொண்டுபோய் விட்டேன். பதில் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. ஆன்ட்டி கோயிலுக்கு வருகிறவர்களிடம் கேட்டார், பையனின் நண்பர்களிடம் கேட்டார், டாக்டரிடம்கூடக் கேட்டார். எல்லோரும் இருங்கள் என்றார்கள். ஒவ்வொருவர் சொன்னதையும் எங்களிடம் வந்து ஒப்பிப்பார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார். அவள் கடலையைப் பார்ப்பாள். தோட்டத்தில் பூ உதிர்ந்து, இலை வந்து, பச்சைக் காய் பிடித்தது. டவுன்ஹவுஸுக்குப் பையன் கையெழுத்துப் போடும் நாள் வந்துவிட்டது.

அதற்கு முந்தின ஞாயிறு. ஆன்ட்டி கிண்ணத்தில் ரொட்டி பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். முன்னால் எந்தப் பேச்சும் இல்லாமல் அவள் ஆரம்பித்தாள்.

"எல்லார்ட்டயும் கேட்டிய ஆன்ட்டி. எல்லாரும் இருங்கன்னுதான் சொன்னாங்க. சொன்ன பெறவும் அடுத்த ஆள்ட்ட போய்க் கேட்டிய. அந்தப் பதில்தான் வேணும்னா மொத ஆளோட நிறுத்தியிருப்பிய."

ஆன்ட்டியின் கை நின்றது.

"போங்க ஆன்ட்டி. உங்க வீட்டுக்குப் போங்க."

ஒரு பெரியவரைப் பார்த்து இப்படியா சொல்வது என்று நினைத்தேன். ஆன்ட்டி ரொட்டித் துண்டைக் கீழே வைத்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு விட்டு, "அப்பாடா" என்றார்.

கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "அவன் ஆசையா ரூம் எல்லாம் பார்த்திருக்கான். அவன் மூஞ்சியைப் பார்த்து எப்படிம்மா சொல்லுவேன்? அங்க எனக்குன்னு யாரும் இல்லதான். ஆனா நினைச்சா பஸ் ஏறி எங்க வேணா போவேன். இங்க நான் எங்க போகணும்னாலும் யாராவது கூட்டிக்கிட்டுப் போகணும்."

மறுநாள் சாயங்காலம் பையன் வந்தான். உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றான். "அம்மா போறேங்கிறாங்க. நீதான் சொன்னியாமே. உனக்கு என்ன ரைட் இருக்கு? நான் அவங்களை நல்லா பாத்துக்கலையா?"

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்குப் பதில் சொல்லத் துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் போய்விடுவான் என்று நினைத்தேன், போகவில்லை. மேற்கில் சாய்ந்துகொண்டிருந்த வெயில் அவன் சட்டையில் விழுந்து, மெல்ல ஏறி, தோளைத் தாண்டிப் போனது.

"நல்லாப் பாத்துக்கிட்டிய. அதனாலதான் அவங்களால ஒங்கட்ட சொல்ல முடியல" என்றாள்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் விலகி வழிவிட்டாள். முந்தின நாள் லப்லாபி மிச்சம் இருந்தது, சுடவைத்துக் கொடுத்தாள். அவன் மேஜையில் உட்கார்ந்து கடைசித் துண்டு ரொட்டி வரை சாப்பிட்டான். "வீட்டுக்கு வந்தா இதைப் பத்தித்தான் பேசுவாங்க" என்றான் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே. போகும்போது தேங்க்ஸ் என்றானா, ஸாரி என்றானா, சரியாகக் கேட்கவில்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆன்ட்டி திருச்சியில் பல வருஷம் திடமாக இருந்தார். பையன் வேறு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, ஒவ்வொரு டிசம்பரிலும் அம்மாவைப் பார்க்கப் போனான். அவள் டெக்ஸஸில் வேலை கிடைத்துப் போனாள். முதலில் அடிக்கடி பேசினோம், பிறகு எப்போதாவது. இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. ஆப்ரிகாட் தோட்டம் இருந்த இடத்தில் பார்க்கிங் லாட்.

ஆனால் ஆன்ட்டி ஊருக்குக் கிளம்பிய மத்தியானம் மட்டும் எனக்கு அப்படியே இருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் கேட் வரைக்கும் போனோம், அப்போதெல்லாம் விடுவார்கள். ஆன்ட்டி பையனைக் கட்டிக்கொண்டார், எங்களைக் கட்டிக்கொண்டார், ஸ்னீக்கர் ஷூ போட்ட காலால் விறுவிறுவென்று நடந்து உள்ளே போய்விட்டார். திரும்பிப் பார்க்கவே இல்லை. பையன் ஆபீஸுக்குப் போனான். நாங்கள் என் காரில் தெற்கே கிளம்பினோம்.

ஃப்ரீவேயில் ஏறிக் கொஞ்ச தூரத்தில் அவள் அழ ஆரம்பித்தாள். அவள் அழுது நான் பார்த்ததில்லை. "என்னடி?" என்றேன். முதல் தடவையாக உடனே பதில் வந்தது.

"எனக்கு அவங்க இங்கயே இருக்கணும்னு இருந்துச்சு. அவங்க கேட்ட அன்னைக்கே இருங்கன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அது எனக்கு வேண்டிய பதில்லா? அத ஒதுக்கி வச்சிட்டு அவங்களுக்கு உள்ளது எதுன்னு பாக்கதுக்குள்ள இத்தன நாள் ஆயிப்போச்சு."

நான் அடுத்த எக்ஸிட்டில் இறங்கி, வளைகுடா ஓரமாகக் காரை நிறுத்தினேன். தண்ணீர் தகடுபோல மின்னிக்கொண்டிருந்தது. அவள் கார் மேல் சாய்ந்து நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன். வடக்கே விமான நிலையத்திலிருந்து விமானங்கள் ஒவ்வொன்றாக எழும்பி, வெயிலில் ஒருகணம் வெள்ளையாகப் பளிச்சிட்டுப் பனிமூட்டத்துக்குள் போயின. எதில் ஆன்ட்டி போகிறார் என்று தெரியவில்லை. அதனால் எல்லாவற்றுக்கும் கையை ஆட்டினோம்.